எழ மறுக்கும் யந்திரம்

ஏலகிரி மலையிலிருந்து நேர் கிழக்காக ஒரு கோடு இழுத்தால், அது ஆலங்காயத்துப் பக்கமுள்ள சமவெளியைக் கடந்து, சுமார் இருபது கிலோமீட்டர் தொலைவில், ஜவ்வாது மலைக் காட்டுக்குள் இருக்கும் காவலூரைப் போய்த் தொடும். இவ்விரு மலைகளுக்கும் வடக்கே, பாலாற்றங்கரையில், வாணியம்பாடியும் ஆம்பூரும் தோல் பதனிடும் தொழிலில் தேர்ந்து, அதனால் வந்த செல்வத்தையும் அதனால் வந்த கெடுதலையும் ஒருசேர அநுபவித்துக்கொண்டிருந்த காலத்தில், காவலூரில் முற்றிலும் வேறான ஒரு காரியம் நடந்துவந்தது. கொடைக்கானல் வானாய்வு நிலையத்தின் பொறுப்பை 1960-இல் ஏற்ற வைணு பாப்பு, நட்சத்திரங்களை ஆராய்வதற்கு ஏற்ற தெளிந்த இரவுகளைத் தேடித் தென்னாட்டு மலைகளைச் சோதித்து, கடைசியில் கடல்மட்டத்துக்கு மேல் 725 மீட்டர் உயரத்தில் உள்ள இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார். 1968-இல் 38 சென்டிமீட்டர்த் தொலைநோக்கி ஒன்றும், 1972-இல் ஜெர்மனியின் கார்ல் ஸைஸ் நிறுவனத்தார் செய்த ஒரு மீட்டர்த் தொலைநோக்கியும் அங்கே நிலைபெற்றன. 2.34 மீட்டர் அகலக் கண்ணாடி கொண்ட பெரிய தொலைநோக்கிக்கு 1986 ஜனவரி 6-ஆம் நாள் பிரதமர் ராஜீவ் காந்தி பாப்புவின் பெயரையே சூட்டியபோது, அதைக் கனவுகண்டவர் இறந்து மூன்றாண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன.

தோல் வட்டாரத்தின் சரித்திரத்தை எழுதுவோர் ஆவாரம்பட்டைத் தொட்டிகளையும் குரோம் உருளைகளையும் பாலாற்று நீரையும் பற்றி எழுதுவார்கள். கணிப்பொறியின் சரித்திரத்தை எழுதுவோர் சென்னையோடும் பெங்களூரோடும் நின்றுவிடுவார்கள். இருசாராரும் விட்டுவிட்ட விஷயம் ஒன்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். விசையைத் தட்டியதும் எழுந்திருக்க வேண்டிய யந்திரம் எழ மறுக்கும்போது, அதை எழுப்புவதற்கு மனிதர் கையாண்ட உபாயங்களின் கதை அது. காவலூர் மலையில் இருந்த பெரிய கணிப்பொறியில் தொடங்கி, ஏலகிரிக் கிராமத்துப் பிள்ளைகள் கையில் கிடைத்த மடிக்கணினி வழியாக, இன்று 'இம்யூட்டபிள் லினக்ஸ்' என்று வழங்கும் மாறா அமைப்பு வரையில் அது நீளுகிறது. இந்தக் கதையில் ஒரு விசித்திரம் திரும்பத் திரும்ப நேர்கிறது: எதை யாரும் மாற்ற முடியாதபடி பூட்டிவைத்தார்களோ அது கெடுவதில்லை, பூட்டுக்கு வெளியே எது விடுபட்டதோ, பழுது அங்கே குடிபெயர்ந்துவிடுகிறது.

அடிப்படைச் சங்கடம் எளிமையானது. மின்சாரம் பாய்ந்த அந்தக் கணத்தில் கணிப்பொறிக்கு ஒன்றும் தெரியாது. அது செய்யவேண்டியவையெல்லாம் வட்டிலோ நாடாவிலோ எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால், வட்டிலிருந்து படித்து எடுப்பதற்கே ஒரு நிரல் வேண்டும். அந்த நிரலும் வட்டில்தான் இருக்கிறது. ஆதிகாலத்தில் இந்தச் சிக்கலை அவிழ்த்தது மனிதனின் விரல். கான்பூர் ஐ.ஐ.டி.க்கு 1963-இல் வந்து சேர்ந்த ஐ.பி.எம். 1620 யந்திரத்தின் வகையில், காகித நாடாவிலிருந்து நிரலை ஏற்றவேண்டுமானால், இயக்குபவர் அதன் தட்டச்சுப் பலகையின் முன் உட்கார்ந்து 360000000300 என்ற பன்னிரண்டு இலக்கங்களைத் தம் கையாலேயே அடிக்கவேண்டும். முதல் இரண்டு இலக்கங்கள் 'படி' என்ற கட்டளை. அடுத்த ஐந்தும் எந்த இடத்தில் கொண்டுபோய் வைப்பது என்பதைச் சொல்லும். எஞ்சியவை நாடாப் படிப்பானைக் குறிக்கும். ஓர் இலக்கம் பிசகினாலும் யந்திரம் எழாது. அங்கே பழுது இருக்கக்கூடிய இடம் மனிதனின் ஞாபகமும் விரல்நுனியும்தான்.

விரலை நம்பாமல் இருப்பதற்கு ஒரே வழி, அந்த முதல் நிரலை எங்கேயாவது அழியாத எழுத்தில் பொறித்துவைப்பது. இதை நாடிப் புறப்பட்டவர்களே பிளாப்பி என்ற நெகிழ்வட்டைக் கண்டுபிடித்தார்கள் என்பது, நெகிழ்வட்டைப் பாட்டும் கடிதமும் விளையாட்டும் பதிந்துகொண்டுபோகும் பொருளாகவே அறிந்த தலைமுறைக்கு வியப்பாக இருக்கலாம். ஐ.பி.எம். நிறுவனம் 1971-இல் வெளியிட்ட எட்டு அங்குல நெகிழ்வட்டில் வாடிக்கையாளர் எதையும் எழுத முடியாது. படிக்க மட்டுமே முடியும். சிஸ்டம் 370 வரிசைக் கணிப்பொறிகளுக்கு உள்ளே இருக்கும் நுண்கட்டளைகளை, யந்திரம் எழும்போது ஏற்றிக்கொடுப்பது ஒன்றே அதற்கு இட்ட பணி. அந்த வரிசையைச் சேர்ந்த 370/155 யந்திரம் ஒன்று 1973-இல் மேற்கு ஜெர்மனியின் உதவியால் சென்னை ஐ.ஐ.டி.க்கு வந்தது. நெகிழ்வட்டு எழுதவும் வல்லதாக ஆனது அதற்குப் பின்னர்தான். ஆன நாள் முதல் அதன் நம்பகமும் குறைந்துகொண்டே போயிற்று என்பது என் அபிப்பிராயம்.

எண்பதுகளின் பிற்பகுதியில் காவலூரில் இயங்கிய வாக்ஸ் 11/780 கணிப்பொறி இந்த நெகிழ்வட்டின் நேர் வாரிசு ஒன்றை வயிற்றில் வைத்திருந்தது. டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் 1977 அக்டோபரில் அறிமுகப்படுத்திய அந்த யந்திரம், அக்காலத்து ஆராய்ச்சிச் சாலைகளில் ஒரு கௌரவச் சின்னம். தொலைநோக்கியின் நிறமாலைகளையும் படங்களையும் எண்களாக்கிப் பகுத்தாராயும் வேலையை, படம் காட்டும் கோம்டால் கருவியோடு இணைத்து, காவலூரில் அதன்மீது செய்தார்கள். வானியல் சஞ்சிகைகளில் அக்காலத்து இந்தியக் கட்டுரைகளைப் புரட்டினால், எந்த யந்திரத்தில் கணக்கிட்டோம் என்று நன்றி சொல்லும் வரியில் அந்தப் பெயர் பலமுறை தென்படும்.

வாக்ஸ் எழும் முறை ஒரு நாடகம் போன்று பல அங்கங்கள் கொண்டது. அலமாரி அளவான பெரிய யந்திரம் தானாக எழாது. அதன் பக்கத்தில் எல்.எஸ்.ஐ. 11 என்ற சின்னஞ்சிறு கணிப்பொறி ஒன்று பணியாளாக அமர்த்தப்பட்டிருந்தது. முதலில் எழுவது அந்தப் பணியாள்தான். அது, தன்னிடமுள்ள எட்டு அங்குல நெகிழ்வட்டிலிருந்து—மொத்தக் கொள்ளளவு 2,56,256 பைட்டுகள், இன்றைய கைப்பேசிப் புகைப்படம் ஒன்றுகூட அதில் அடங்காது—தனக்கு வேண்டியதைப் படித்துக்கொண்டு, பெரிய யந்திரத்தின் நுண்கட்டளைகளில் திருத்தங்களை ஏற்றி, மூன்று கூர்முனைக் குறிகளைத் திரையில் காட்டிக் காத்து நிற்கும். இயக்குபவர் 'பூட்' என்று கட்டளை கொடுத்தவுடன், அதே நெகிழ்வட்டிலிருந்து இன்னொரு நிரலை எடுத்துப் பெரிய யந்திரத்தின் நினைவகத்தில் வைக்கும், அந்த நிரல் பெரிய வட்டைத் திறந்து அடுத்ததை எடுக்கும், அது வி.எம்.எஸ். என்ற இயங்குதளத்தை எழுப்பும். ஆக, பல லட்சம் பெறுமானமுள்ள யந்திரத்தின் உயிர், சட்டைப்பையில் மடித்து வைத்தால் கெட்டுவிடக்கூடிய ஒரு கறுப்புத் தகட்டில் இருந்தது. அதற்குப் படி ஒன்று எடுத்துப் பத்திரப்படுத்துவதற்கென்றே வி.எம்.எஸ்.ஸில் ஒரு கட்டளைத் தொகுப்பு இருந்ததைப் பார்த்தால், அதைச் செய்தவர்களுக்கும் அந்தப் பயம் இருந்திருக்கவேண்டும்.

இந்த யந்திரத்தில் இரண்டு அம்சங்களை நான் தனியே எடுத்துச் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில், இன்றைய மாறா அமைப்பின் வித்து அவற்றில் இருக்கிறது. ஒன்று: வி.எம்.எஸ்.ஸில் ஒரு கோப்பைத் திருத்திச் சேமித்தால் பழையது அழிவதில்லை. பெயருக்குப் பின்னால் ஓர் எண் ஏறும். மூன்றாவது பதிப்பு பிறந்த பின்னரும் இரண்டாவது பதிப்பு அப்படியே இருக்கும். 'பர்ஜ்' என்று நாமே சொல்லி நீக்கினால் ஒழிய அது போகாது. மற்றொன்று: அமைப்பின் அளவீடுகளை யாராவது தாறுமாறாக மாற்றிவைத்து, அதனால் யந்திரம் எழாமற் போனால், பாதி வழியில் அதை நிறுத்தி, ஒவ்வோர் அளவீட்டையும் உரையாடலாகக் கேட்டுச் சரிசெய்துகொள்ளும் வசதி இருந்தது. அங்கே 'யூஸ் டீஃபால்ட்' என்று அடித்தால், மனிதர் செய்த மாற்றங்கள் அனைத்தையும் ஒதுக்கிவிட்டு, தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்த அளவீடுகளோடு யந்திரம் எழும்.   பின்வாங்குவதற்கு ஒரு கண்ணியமான வழி வைத்திருப்பது நல்ல யந்திரத்தின் லட்சணம் என்பதை அந்தக் காலத்துப் பொறியாளர்கள் அறிந்திருந்தார்கள்.

அடுத்து வந்த தனியாள் கணிப்பொறிகள் இந்த ஞானத்தை ஏறக்குறைய முழுவதும் மறந்துவிட்டன. விலை குறையவேண்டும் என்ற நிர்ப்பந்தத்தில், எழும் கலை மிகவும் சுருங்கிவிட்டது. வட்டின் முதற்பகுதியில் 512 பைட்டுகள். அதில் 446 பைட்டுகளில் ஒரு சிறு நிரல். 64 பைட்டுகளில் நான்கே நான்கு பிரிவுகளைக் குறிக்கும் அட்டவணை. கடைசி இரண்டு பைட்டுகளில் ஒரு முத்திரை. இதை யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் அழிக்கலாம். எழுதியவர் யார் என்ற பதிவும் கிடையாது.

தொண்ணூறுகளின் பிற்பாதியில் பிசி குவெஸ்ட் என்ற ஆங்கிலப் பத்திரிகை இணைப்பாகத் தந்த குறுந்தகடுகளின் மூலமும், சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் மாதந்தோறும் கூடிய லினக்ஸ் பயனர் குழுவின் மூலமும் லினக்ஸ் என்ற இயங்குதளம் தமிழ்நாட்டில் பரவத் தொடங்கியபோது, அந்த 446 பைட்டுகளில் குடியிருந்தது வெர்னர் அல்மெஸ்பெர்கர் எழுதிய லிலோ என்ற பூட்லோடர், அதாவது இயங்குதளத்தை எழுப்பும் நிரல். அதன் பெயரின் நான்கு ஆங்கில எழுத்துகளும் திரையில் ஒவ்வொன்றாகத் தோன்றும். ஒவ்வோர் எழுத்தும் ஒரு படி ஏறியாயிற்று என்பதற்கு அத்தாட்சி. முதல் எழுத்தோடு நின்றால், முதற்கட்டம் எழுந்தது, ஆனால் இரண்டாம் கட்டத்தை ஏற்ற முடியவில்லை. இரண்டு எழுத்துகளோடு நின்றால், இரண்டாம் கட்டம் ஏறியும் ஓடவில்லை. மூன்றோடு நின்றால், ஓடத் தொடங்கியும் அதற்கு வேண்டிய குறிப்புகள் கிடைக்கவில்லை. ஆம்பூரில் குரோம் ஊறிய தோலைச் சோதிக்கும் மேஸ்திரி, அதன் தடித்த பாகத்தில் சிறு கீற்று ஒன்றை வெட்டி, நீலம் நடு வரைக்கும் ஏறியிருக்கிறதா, அல்லது இருபுறத்தோடு நின்று நடுவில் வெளிறிக் கிடக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். எழாத யந்திரத்தைச் சோதிப்பதும் அதே வகைப் பார்வைதான்: ஏன் எழவில்லை என்ற கேள்வியை ஒத்திவைத்துவிட்டு, எதுவரை ஏறியிருக்கிறது என்பதை முதலில் கண்டுகொள்ளவேண்டும். இந்த விதி 1620-க்கும் பொருந்திற்று, வாக்ஸுக்கும் பொருந்திற்று, இன்றைக்கும் பொருந்துகிறது.

லிலோவின் பலவீனம் அதன் கடமையுணர்ச்சியிலேயே இருந்தது. கெர்னல் என்ற கரு நிரல் வட்டில் எந்தெந்த இடங்களில் கிடக்கிறது என்பதை அது எண்களாகக் குறித்துவைத்துக்கொள்ளும். புதிய கெர்னலை நிறுவிவிட்டு, லிலோவை மறுபடி ஒருமுறை ஓட்டிக் குறிப்பைத் திருத்த மறந்தால், அது பழைய இடத்தையே போய்த் தட்டிக்கொண்டிருக்கும். கோப்புகளின் பெயரைத் தானே படித்தறியும் கிரப் என்ற பூட்லோடர் வந்த பிறகுதான் இந்த வகைச் சங்கடம் தீர்ந்தது.

சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்த காலத்தில், 2007-ஐ ஒட்டி, தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் தன் கணினிகளைச் சூசே லினக்ஸுக்கு மாற்றிக்கொண்டு, பள்ளிகளுக்கு வாங்கியவற்றிலும் அதையே நிறுவிக் கொடுத்தது. அதே 2007-இன் தொடக்கத்தில் சென்னை சி-டாக் நிறுவனம் டெபியனை ஆதாரமாகக் கொண்ட 'பாஸ்' லினக்ஸை வெளியிட்டது. நோக்கங்கள் உயர்ந்தவை, ஆனால் காலம் பொல்லாதது. 2008 முதல் சில ஆண்டுகள் சென்னைக்கு வெளியே இருந்த மாவட்டங்கள் அநுபவித்த மின்வெட்டை வட ஆற்காட்டுக்காரர்கள் மறந்திருக்கமாட்டார்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் வட்டின் கணக்கு பாதியில் நின்றுவிடும். மறுமுறை எழும்போது யந்திரம் அந்தக் கணக்கைச் சரிபார்த்து, தன்னால் தீர்க்க முடியாத ஐயம் ஒன்று இருந்தால், பராமரிப்புக்காக ரூட் என்ற தலைமைக் கணக்கின் கடவுச்சொல்லைக் கொடு என்று ஆங்கிலத்தில் கேட்டு நிற்கும். கடவுச்சொல்லை அறிந்தவர் மாவட்டத் தலைநகரத்தில் இருப்பார். யந்திரம் மூலையில் துணி போர்த்திக் கிடக்கும்.

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளன்று, திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில் முதலமைச்சர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். லட்சக்கணக்கான பிள்ளைகளின் வீட்டில் முதல் கணினி அதுவே. அதன் வட்டில் விண்டோஸ் ஒரு பாகத்திலும் பாஸ் லினக்ஸ் ஒரு பாகத்திலுமாகக் குடித்தனம் செய்தன. எதை எழுப்புவது என்று கேட்கும் பட்டியலைக் காட்டியது கிரப். கிரப்பின் முதல் துணுக்கு அந்த 446 பைட்டுகளில் இருந்தது. ஆனால், அதன் உடலின் பெரும்பகுதி லினக்ஸின் பாகத்துக்குள் இருந்தது. இதை யாரும் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. படம் வைக்க இடம் போதவில்லை என்று, பழக்கமில்லாத லினக்ஸ் பாகத்தை விண்டோஸுக்குள்ளிருந்தே அழித்தவர்கள், மறுநாள் விசையைத் தட்டினால், அப்படியொரு பாகம் இல்லை என்ற ஒரு வரியையும், அதன் கீழே 'கிரப் ரெஸ்கியூ' என்ற சொல்லையும், துடிக்கும் கோடு ஒன்றையும் மட்டும் கண்டார்கள். அழித்தது லினக்ஸை, எழாமற்போனது விண்டோஸ். தலையை வெட்டியவனுக்கே அது தலை என்று தெரியாது.

ஏலகிரியில் இருக்கும் ஒரு கிராமத்தில் இது நேர்ந்தால் என்ன ஆகும் என்பதையும் யோசிக்கவேண்டும். கவிஞர்களின் பெயரும் கடையெழு வள்ளல்களின் பெயரும் சூட்டப்பெற்ற பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, ஜோலார்பேட்டையிலோ திருப்பத்தூரிலோ இருக்கும் கடைக்குப் போகவேண்டும். கடைக்காரர் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "ஓ.எஸ். போயிடுச்சு, ஃபார்மட் பண்ணித்தான் போடணும்" என்பார். அந்த ஒரு வாக்கியம் நம் நாட்டில் எழாத யந்திரங்களுக்கெல்லாம் சர்வரோக நிவாரணியாக இருபது ஆண்டுகள் கோலோச்சியது. மீட்டிருக்கக்கூடிய படங்களும் பாடக் குறிப்புகளும் அதில் போயின. கடைக்காரரைக் குறை சொல்வதில் பயனில்லை. எதுவரை ஏறியிருக்கிறது என்று சோதிக்க அரைநாள் ஆகும், ஃபார்மட் செய்ய ஒரு மணி போதும், கூலியோ இரண்டுக்கும் ஒன்றுதான்.

இதனிடையே வேறொரு திசையிலிருந்து ஒளி வந்தது. ஜெர்மனியைச் சேர்ந்த கிளாவுஸ் க்னோப்பர் 2000-இல் வெளியிட்ட க்னாப்பிக்ஸ், முழு லினக்ஸையும் ஒரு குறுந்தகட்டிலிருந்தே எழுப்பிக் காட்டிற்று. குறுந்தகட்டில் எழுத முடியாது. எனவே, உபயோகிப்பவர் என்ன அட்டூழியம் செய்தாலும் அது நினைவகத்தில் மட்டுமே நடக்கும். மின்சாரத்தை நிறுத்தினால் யந்திரம் குற்றமற்ற ஆதிநிலைக்குத் திரும்பிவிடும். 1971-இன் நெகிழ்வட்டு எந்தக் குணத்தோடு பிறந்ததோ அந்தக் குணத்தையே இது மீட்டுக்கொண்டுவந்தது. உபுண்டு என்ற லினக்ஸின் குறுந்தகடுகள் கேட்டவர்க்கெல்லாம் இலவசமாகத் தபாலில் வந்த காலத்தில், தமிழ்நாட்டுக் கல்லூரி மாணவர்கள் பலர் அவற்றை லினக்ஸ் கற்பதற்காக அன்றி, எழாத விண்டோஸிலிருந்து தங்கள் கோப்புகளை மீட்பதற்காகவே வைத்திருந்தார்கள். ஆயினும், மாறாத அந்தத் தகட்டைக் கொண்டு தினசரி வாழ முடியாது. திருத்தங்கள் வரும்போது மாற வேண்டும் அல்லவா? மாறாமலும் இருக்கவேண்டும், மாறவும் வேண்டும்: இதுதான் அடுத்த பத்தாண்டுகளின் பிரச்னை.

விடை பல இடங்களில் ஏறக்குறைய ஒரே சமயத்தில் உருவாயிற்று. நெதர்லாந்தில் எல்கோ டோல்ஸ்ட்ரா 2006-இல் தம் ஆராய்ச்சியேட்டில் விளக்கிய நிக்ஸ் முறை, ஒவ்வொரு மென்பொருளையும் தனித்தனி அறையில் வைத்து, பழையதன்மேல் புதியதை எழுதாமல் காத்தது. 2011-இல் விற்பனைக்கு வந்த குரோம்புக் மடிக்கணினிகள் இயங்குதளத்துக்கு இரண்டு இடங்களை ஒதுக்கி, ஒன்றில் வாழ்ந்துகொண்டே மற்றொன்றில் புதியதை எழுதி, எழுந்தால் குடியேறுவது, எழாவிட்டால் பழைய வீட்டுக்கே திரும்புவது என்ற ஏற்பாட்டைக் கைக்கொண்டன. 2016-இல் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளும் இதைப் பின்பற்றத் தொடங்கின. எல்காட் வாங்கிய அதே சூசே, 2014-இல் வெளிவந்த தன் பன்னிரண்டாம் பதிப்பில், வட்டின் முந்தைய நிலைகளைப் படம்பிடித்ததுபோல் வைத்துக்கொண்டு, எழும் பட்டியலிலிருந்தே அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வழிசெய்தது. காலின் வால்டர்ஸ் உருவாக்கிய ஓ.எஸ்.ட்ரீ என்ற முறையின்மேல் கட்டப்பட்ட ஃபெடோரா சில்வர்புளூ என்ற லினக்ஸ் 2018-இல் வந்தது.

சில்வர்புளூவை உதாரணமாகக் கொண்டால், அமைப்பின் உடல் முழுவதும் படிக்க மட்டுமே உரியது. புதுப்பிப்பு வந்தால், ஓடிக்கொண்டிருக்கும் உடலைத் தொடாமல், பக்கத்தில் இன்னோர் உடல் தயாராகும். அடுத்த முறை எழும்போது பட்டியலில் இரண்டும் தெரியும். அப்டேட் முடியுமுன் மின்சாரம் போனால், புதிய உடல் பாதியில் நிற்கும். பழையது பழுதின்றி எழும். 2010-இல் இது நம் பள்ளிகளில் இருந்திருந்தால் எத்தனை யந்திரங்கள் துணி போர்த்திக் கிடக்காமல் இருந்திருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. வி.எம்.எஸ். கோப்புக்குச் செய்ததை இவர்கள் முழு அமைப்புக்கும் செய்துவிட்டார்கள்.

இனிப் பழுது எங்கே போயிற்று என்று பார்க்கவேண்டும். போயிற்று என்று நான் முன்பே சொன்னேனே தவிர, ஒழிந்தது என்று சொல்லவில்லை. புதிய உடல் எழாமல் பழையது எழுந்தால், வந்த புதுப்பிப்பில் குற்றம்; பழையதிலேயே நின்று, 'ரோல்பேக்' என்ற கட்டளையால் அதை நிலைப்படுத்திக்கொண்டால் போதும். இங்கே ஓர் எச்சரிக்கை உண்டு: வழக்கமாக இரண்டு உடல்களே மிஞ்சும் ஆதலால், அரைகுறையாக எழுந்த புதியதில் இருந்தபடியே மறுபடி ஒரு புதுப்பிப்பை ஏற்றினால், நன்றாக இருந்த பழையது பட்டியலிலிருந்து கழிந்துவிடும். முதலில் பழையதைக் கழியாதபடி 'பின்' செய்து வைத்துவிட்டுத்தான் மேற்கொண்டு எதையும் தொடவேண்டும். பட்டியலே கண்ணில் படவில்லையென்றால், எழும் தறுவாயில் எஸ்கேப் அல்லது ஷிஃப்ட் விசையை அழுத்தினால் அது வெளிப்படும்.

இரண்டும் எழவில்லை என்றால் விஷயம் சுவாரசியமாகிறது. ஏனெனில், குற்றம் இரண்டுக்கும் பொதுவான இடத்தில் இருக்கிறது என்பது உடனே தெரிந்துவிடுகிறது. பொதுவான இடங்கள் சிலவே. பயனரின் கோப்புகளும் பதிவுகளும் இருக்கும் பாகம் நிறைந்து வழிந்திருக்கலாம். அல்லது, அமைப்புக் குறிப்புகள் இருக்கும் பாகத்தில் பயனர் கைவைத்திருக்கலாம். அந்தக் குறிப்புகள் ஒவ்வொரு புதுப்பிப்பின்போதும் பழைய உடலிலிருந்து புதிய உடலுக்கு விசுவாசமாகப் பிரதியெடுக்கப்படுவதால், பிழையும் விசுவாசமாகப் பிரதியாகும். மிகச் சாதாரணமான உதாரணம், எப்போதும் செருகியிருக்கும் என்று நம்பி, வெளிவட்டு ஒன்றை எழும்போதே இணைக்கவேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்துவிடுவது. வட்டைக் கழற்றிய நாளில், திரையில் ஒரு சிவப்புக் கோடு இடமும் வலமும் நடைபோட, ஒன்றரை நிமிஷம் என்ற கெடுவுக்கு எதிரே நொடிகள் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டே போகும். கெடு தீர்ந்ததும் அவசரநிலைக்குப் போகிறேன் என்று யந்திரம் அறிவிக்கும். அறிவித்துவிட்டு, ரூட் கணக்கு பூட்டப்பட்டிருப்பதால் உள்ளே விட முடியாது என்றும் அதுவே சொல்லும்! பாதுகாப்பு கருதி அந்தக் கணக்கைப் பூட்டி வைத்தவர்கள், பழுதுபார்ப்பவனுக்கும் அது ஒன்றே வாசல் என்பதை எண்ணாமல் விட்டுவிட்டார்கள். பரிகாரம் உண்டு, பட்டியலில் நிற்கும்போது 'ஈ' விசையை அழுத்தி, கெர்னலுக்குப் போகும் வரியின் முடிவில், கடவுச்சொல் கேளாமல் அவசரநிலைக்குள் விடு என்ற பொருள்படும் ஒரு சொல்லைச் சேர்த்தால் கதவு திறக்கும். உள்ளே சென்று, அந்த வட்டின் வரியில் 'நோஃபெயில்' என்ற சொல்லை எழுதிவிட்டால், வட்டு இல்லாத நாளிலும் யந்திரம் எழும்.

ஆனால் இவையெல்லாம் சிறு பழுதுகள். 2024 ஜூன் மாதத்தில் நிகழ்ந்ததே இந்தக் கதைக்கு முத்தாய்ப்பு. ஃபெடோராவின் மாறா அமைப்புகளைப் பழைய பதிப்பொன்றில் நிறுவி, ஆண்டுக்கணக்காகச் சீராகப் புதுப்பித்துவந்தவர்கள், நாற்பதாம் பதிப்புக்கு மாறியதும், ஷிம் என்ற முதல் வாயிற்காவலனின் கையொப்பம் சரியில்லை என்றும், முதலில் கெர்னலை ஏற்று என்றும் இரண்டு வரிகளைக் கண்டார்கள். காரணம், உடல் முழுவதும் ஆறு மாதத்துக்கொருமுறை புதிதாகிவந்தபோது, அதை எழுப்பும் பூட்லோடர் மட்டும் நிறுவிய நாளில் இருந்தபடியே கிடந்தது. அது இருப்பது இ.எஃப்.ஐ. பாகம் என்ற தனிச் சிறுபிரிவில். அங்கே இரண்டு பிரதிகளை வைத்து மாற்றும் பாதுகாப்பான ஏற்பாடு இல்லாததால், எழுதும்போது மின்சாரம் போனால் என்ன ஆவது என்று அஞ்சி, அமைப்பைச் செய்தவர்கள் அதைத் தொடாமலே விட்டிருந்தார்கள். அச்சம் நியாயமானது; விளைவு விபரீதமானது. மாற முடியாதது என்று பெயர் பெற்ற பாகம் அடிக்கடி மாறிற்று. மாற்றக்கூடிய பாகம் ஆண்டுக்கணக்கில் மாறவில்லை. செக்யூர் பூட் என்ற காவலைத் தற்காலிகமாக நீக்கி, யந்திரத்தை எழுப்பி, உடலுக்குள்ளேயே தயாராக இருந்த புதிய பூட்லோடரை அந்தச் சிறுபிரிவுக்குக் கையால் பிரதியெடுத்து வைக்கும்படி திட்டத்தார் அறிவித்தார்கள். கையால்! 1963-க்கும் அதற்கும் இடையே அறுபத்தோர் ஆண்டுகள்.

அதே ஆண்டு ஆகஸ்ட் 13-ஆம் நாள் மைக்ரோசாஃப்ட் அனுப்பிய விண்டோஸ் புதுப்பிப்பு ஒன்று, பழைய பூட்லோடர்களைச் செல்லாதவை என்று அறிவித்து, அந்த அறிவிப்பை யந்திரத்தின் அடித்தள நிரலான ஃபர்ம்வேரிலேயே எழுதிவைத்தது. இரட்டைக் குடித்தனம் நடத்திய யந்திரங்களில் லினக்ஸை எழுப்பப்போனவர்கள், ஏதோ பெருந்தவறு நேர்ந்துவிட்டது என்ற வாசகத்தைக் கண்டார்கள். அதைக் காட்டிவிட்டு யந்திரம் அணைந்துவிட்டது. மாறா உடல், இரண்டு பிரதிகள், பின் செய்த நிலை, எதுவும் அங்கே உதவவில்லை. ஏனெனில், தீர்ப்பு அவற்றுக்கு வெகு கீழே எழுதப்பட்டிருந்தது. பூட்லோடரையும் பத்திரமாகப் புதுப்பிப்பதற்கென்று தனி உபகரணம் ஒன்றை ஃபெடோராக்காரர்கள் இப்போது அமைப்போடு சேர்த்திருக்கிறார்கள். அதுவும் ஒரு நாள் பூட்டுக்குள் வந்துவிடும்.

ஃபர்ம்வேருக்கும் கீழே இருப்பது சிமாஸ் பேட்டரி என்று கடைகளில் சொல்லும் நாணய அளவு மின்கலம். பத்து வயது கடந்த மடிக்கணினிகளில் இன்று லினக்ஸைப் போட்டு வாழ்பவர்கள் முதலில் சந்திப்பது இதைத்தான். அது தீர்ந்துபோனால் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னுக்கு ஓடிவிடுகிறது. பல யந்திரங்களில் வட்டை எந்த முறையில் அணுகுவது என்ற குறிப்பும் ஆதிநிலைக்குத் திரும்பிவிடுவதால், வட்டே இல்லை என்று யந்திரம் சாதிக்கிறது. குறிப்பைத் திருத்தி எழுப்பினாலும், தேதி பிந்தியிருப்பதால், புதுப்பிப்பு தரும் தளத்தின் சான்றிதழ் இன்னும் அமலுக்கே வரவில்லை என்று முடிவுகட்டி, அமைப்பு தன் அடுத்த உடலை வாங்க மறுக்கிறது. திருப்பத்தூர்க் கடைக்காரர் இதை மட்டும் ஃபார்மட் செய்யாமல் தீர்த்துவைக்கிறார். பின்புறத்துத் திருகாணிகளைக் கழற்றி, புதிய மின்கலத்தைப் பொருத்தி, தேதியைச் சரிசெய்து, "இப்ப ஏறும் பாருங்க" என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறார்.